தகடூர்த் தடயம் – 7: மூன்றாவது பெயர்

சென்ற வாரம் உங்களைக் குஜராத்தில், கிர்நார் மலையடிவாரப் பாறைக்கு முன்னால் வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிக்குத் திரும்ப அந்தப் பாறை வழியாகத்தான் பாதை.

பாறையில் இருப்பது அசோகரின் இரண்டாம் ஆணை. மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம், மூலிகைச் செடி, வழியோரக் கிணறு, மரம் என்று தான் செய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும் மன்னர், இவை தன் ஆட்சிக்கு வெளியிலும் நடந்ததாகச் சொல்லிப் பெயர்களை அடுக்குகிறார். சோழர். பாண்டியர். பிறகு ஒரு பெயர். அதற்குப் பிறகு கேரளபுத்திரர், இலங்கையான தாமிரபரணி, அப்பால் கிரேக்க அரசன் அந்தியோகன். அந்த மூன்றாவது பெயர், கிர்நார்ப் பாறையின் உச்சரிப்பில், 'ஸதியபுதோ'.

கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்தது 1837-இல். அடுத்த ஆண்டே கிர்நார் ஆணைகள் படிக்கப்பட்டன. சோழன் யார், பாண்டியன் யார் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கேரளபுத்திரனும் சிக்கல் இல்லை. அந்தப் பெயரைக் கிர்நாரில் வெட்டியவர் 'கேதலபுதோ' என்று வெட்டிவைத்திருக்கிறார். பேரரசரின் ஆணையில் எழுத்துப்பிழை! தலை தப்பியதா என்று தெரியவில்லை. மற்றப் பாறைகளில் சரியாக இருப்பதால் நாம் தப்பித்தோம்.

ஆனால் ஸதியபுதோ? எல்லாப் படிகளிலும் இருக்கிறான், யாரென்றுதான் விளங்கவில்லை. பதின்மூன்றாம் ஆணையில் அசோகர் மறுபடி தெற்குப் பக்கம் திரும்பும்போது, தமிழரசர்களில் சோழ பாண்டியரோடு நிறுத்திக்கொள்கிறார். இவன் பெயரே வரவில்லை.

பிறகென்ன, ஆளாளுக்கு ஓர் ஊரைக் காட்ட ஆரம்பித்தார்கள். வின்சென்ட் ஸ்மித் சத்தியமங்கலத்தைக் காட்டினார். காஞ்சிபுரத்துக்குச் 'சத்தியவிரத க்ஷேத்திரம்' என்று பெயர் உண்டே, அதுதான் என்றார்கள் சிலர். மராட்டியரிடம் 'சாத்புதே' என்ற குடும்பப் பெயர் இருக்கிறது, அங்கே போய்த் தேடுங்கள் என்றது இன்னொரு தரப்பு. வட மலபாரின் சத்தியபூமி என்றும் ஒரு வாதம். சொன்ன சொல் தவறாதவர்கள் என்று சங்கப் பாட்டில் பேர் வாங்கிய கோசர்தான் 'சத்திய'புத்திரர் என்றும் ஒரு கட்சி.

இவற்றில் எதையும் முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. சொன்னவர்கள் எல்லாரும் பெரிய படிப்பாளிகள். ஆனால் இந்த ஊகங்களுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. ஒவ்வொன்றும் 'சத்திய' என்ற ஓசையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அந்த ஒரு தடயத்தை விளக்கியதோடு வேலை முடிந்தது. 'நான் சொல்வது சரியென்றால் இன்ன இடத்தில் இன்னது கிடைக்க வேண்டும்' என்று எதுவும் நீட்டிப் பேசவில்லை.

அமெரிக்க நிலவியலாளர் டி.சி. சேம்பர்லின் 1890-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆராய்ச்சியாளனுக்கு ஒரே ஒரு கருதுகோள் இருந்தால் அதன்மேல் பெற்ற பாசம் வந்துவிடும், அதன் குற்றம் கண்ணில் படாது. ஆகவே பல கருதுகோள்களை ஒரே நேரத்தில் மடியில் வைத்து வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஸதியபுதோ விஷயத்தில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒற்றைப் பிள்ளை.

இன்னொரு பிள்ளை வேறு வழியில் பிறந்தது.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கன்னடம் பேசும் வீட்டுக்குப் போய் ஆயிரத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். 'சாவிர' என்பார்கள். வடமொழியில் 'சஹஸ்ர'. தமிழுக்கு வரும்போது முன்னால் நின்ற 'ச' உதிர்ந்துவிட்டது: ஆயிரம். சபை, அவை ஆனது. சந்தி, அந்தி ஆனது. சீஹள, ஈழம் ஆனது. இந்த உதிர்வு ஒரு சொல்லில் நடந்த விபத்தாக இருக்க முடியாது, ஒழுங்காகவே நடந்திருக்கிறது. மொழியியலாளர் டி. பர்ரோ 1940-களில் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். இப்போது 'ஸதிய' என்பதில் முதலெழுத்தை உதிர்த்துப் பாருங்கள். 'அதிய'. புத்திரன் என்றால் மகன். மகன் சுருங்கினால் மான். கேரளபுத்திரன் சேரமான் என்றால், ஸதியபுத்திரன்?

அதியமான். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்டவன். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் வந்த குடி.

1937-இல் சங்ககாலச் சேரர் பற்றி நூல் எழுதிய கே.ஜி. சேஷையர் போன்றவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். மற்ற ஊகங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இது காதுக்கு ஒத்துவரும் ஒரு பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளவில்லை. வேறு பத்துச் சொற்களில் தனியாக நிரூபணமான ஒரு விதியைக் கொண்டுவந்து இங்கே பொருத்திப் பார்க்கிறது. அந்தப் பத்துச் சொற்களுக்கும் அசோகரோடு எந்தச் சொந்தமும் கிடையாது. ஆனாலும் ஊகம் ஊகம்தான். சத்தியமங்கலக்காரர்களும் கோசர் கட்சிக்காரர்களும் வீட்டைக் காலி செய்யவில்லை.

*

இந்த இடத்தில் ஒரு தொலைபேசிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அத்தியாயம் வெளியான வாரம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு வேதியியல் ஆசிரியர் பேசினார். "நல்லாத்தான் எழுதறீங்க சார். ஆனா அடிக்கடி 'வரலாற்று அறிவியல்'ங்கறீங்களே, அது மட்டும் இடிக்குது. அறிவியல்னா திரும்பச் செஞ்சு பாக்கணும். அதியமானைச் சோதனைக்குழாய்ல போட்டுக் குலுக்க முடியுமா?"

பதில் சொல்ல ஐந்து அத்தியாயம் எடுத்துக்கொண்டதற்கு அவரிடம் மன்னிப்பு.

சார், நீங்கள் தனி ஆள் இல்லை. டைனோசர் அழிவுக்கு விண்கல்தான் காரணம் என்று 1980-இல் சொன்ன குழுவின் தலைவர்களில் ஒருவரான லூயி ஆல்வரெஸ், இயற்பியலுக்கு நோபல் பெற்றவர். தன்னோடு சண்டை போட்ட தொல்லுயிரியலாளர்களைத் தபால்தலை சேகரிப்பவர்கள் என்று எகத்தாளம் செய்தார். வேடிக்கை என்னவென்றால் அவரே அப்போது செய்துகொண்டிருந்தது ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரே ஒரு நிகழ்ச்சியைத் துப்புத் துலக்கும் வேலை. விண்கல்லை மறுபடி மோதவிட்டுப் பார்க்க அவராலும் முடியாது. இத்தாலியின் குப்பியோ அருகே களிமண் படிவத்தில் இரிடியம் என்ற உலோகம் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. மோதிய பள்ளம் மெக்சிகோவின் சிக்சுலூபில் என்று 1991-இல் அடையாளம் காட்டப்பட்டது. முதலில் ஊகம், பிறகு தேடல், பிறகு ஒரு தடயம் வந்து மற்ற ஊகங்களை வாயடைக்கச் செய்தது.

கொலராடோ பல்கலைக்கழகத்துத் தத்துவவாதி கரோல் கிளீலண்ட் இதைத்தான் 2001, 2002 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூட விஞ்ஞானி ஒரு கருதுகோளை நிலைமைகளை மாற்றி மாற்றிச் சோதிக்கிறார். பழையதைத் தேடுகிறவர் பல கருதுகோள்களை வரிசையில் நிறுத்திவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் மாட்டிவிடும் தடயத்தைத் தேடுகிறார். கொலை நடந்த அறையில் புகை அடங்காத துப்பாக்கி கிடைப்பதுபோல. இரண்டாவது முறை முதலாவதைவிடத் தாழ்ந்தது இல்லை என்பது அவர் வாதம். அதற்கு அவர் சொல்லும் காரணம் எனக்கு மிகப் பிடித்தது. நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன்.

பொங்கல் முடிந்து எருது விடும் விழா நடந்த ஊருக்கு மறுநாள் காலை போங்கள். முதல்நாள் நீங்கள் அங்கே இல்லை. ஆனால் தெருப் புழுதியில் குளம்படி, வேலிக் கம்பு நட்ட குழி, அறுந்த கயிறு, கரும்புச் சக்கை, வெடித்த பலூன், தொண்டை கட்டிய இளவட்டங்கள். இவற்றில் ஏதாவது இரண்டு மூன்று போதும், எல்லாம் வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று சொல்லிவிடுவீர்கள். இதையே முதல்நாள் காலை 'இன்று விழா நடக்கும்' என்று சொல்லப் பாருங்கள். அனுமதி வர வேண்டும், மழை வரக்கூடாது, இரண்டு பங்காளிகள் சண்டை போடக்கூடாது. ஒன்று பிசகினாலும் விழா இல்லை. நடக்கப்போவதைச் சொல்ல எல்லாக் காரணமும் கையில் வேண்டும். நடந்ததைச் சொல்ல, மிஞ்சிய சிலது போதும். உலகம் நடந்ததற்குச் சாட்சிகளைத் தேவைக்கு மேல் உண்டாக்கி இறைத்துவிட்டுப் போகிறது.

ஆனால் ஒரு வாரம் கழித்துப் போனால்? ஒரு மழைக்குப் பின்? தத்துவவாதி டெரெக் டர்னர் 2007-இல் வந்த தன் புத்தகத்தில் கிளீலண்டை மடக்குவது இங்கேதான். காலம் தடயத்தைத் தின்னும்; சில கேள்விகளுக்கான துப்பாக்கி என்றைக்கோ துருவேறித் தூளாகியிருக்கும். தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் குவாரியில் எத்தனை பாறை சில்லாகிப் போனது என்று அவர்களைக் கேளுங்கள். தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்காமல் சில பாடல்களாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எது மிஞ்சும், எது அழியும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த மாவட்டத்து நடுகற்கள் பல தப்பித்தது அவை கல்லாக இருந்ததால் இல்லை. அரூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில், கையில் வில்லோடு நின்ற வீரனின் கல்லைப் படமெடுக்கக் குனிந்தேன். களை வெட்டிவிட்டு வந்த பாட்டி ஒருவர் நின்று, "செருப்பக் கழட்டிட்டுக் கிட்டப் போ சாமி, அது வேடியப்பன்" என்றார். ஊர் எல்லையில் மாடு மீட்கச் செத்த எவனோ ஒருவன், எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் மறைந்த பிறகும் சாமியாகி உயிரோடிருக்கிறான். எந்தத் தொல்லியல் சட்டமும் அந்தப் பாட்டி அளவுக்குக் காவல் காத்ததில்லை.

சரி, நம் ஆளுக்கு வருவோம். ஸதியபுதோவுக்குத் துப்பாக்கி மிஞ்சியதா, துருவேறியதா?

*

1981. அப்போதைய தென்னார்க்காடு மாவட்டம், திருக்கோவிலூர் வட்டம், ஜம்பை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலம். ஊருக்கு அருகே குன்றில் தாசிமடம் என்று சொல்லப்படும் இயற்கைக் குகைத்தளம். அதன் பாறையில் தமிழ் பிராமியில் ஒரே ஒரு வரி. துறையினர் கண்டுபிடித்துப் படித்தார்கள். இன்றைய எழுத்தில் இப்படி வரும்:

ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி.

மறுபடி ஒருமுறை படியுங்கள், அவசரமில்லை. துறவிகள் தங்க ஓர் இருப்பிடம் கொடுத்தான் என்பது செய்தி. கொடுத்தவன் அதியன் நெடுமான் அஞ்சி. ஔவை பாட்டில் கேட்ட அதே பெயர். அதற்கு முன்னால், பிராகிருத வாலான 'ஓ' கூட உதிராமல், கிர்நார்ப் பாறையில் உள்ள அதே வடிவில் அந்த மூன்றாவது பெயர்.

சத்தியமங்கலம், காஞ்சி, சாத்புதே, கோசர் எல்லாம் ஒரே வரியில் சரிந்தன. 'ச' உதிரும் என்ற விதி சொன்ன இடத்தில், உதிர்ந்ததும் உதிராததும் பக்கம் பக்கமாக ஒரே உளியில் வெட்டப்பட்டிருந்தன. அந்த ஊகத்தைச் சொன்னவர்கள் யாருக்கும் இப்படியொரு கல் இருப்பது தெரியாது. வேதியியல் ஆசிரியரே, நீங்கள் கேட்ட சோதனை இதுதான். குழாய் இல்லை, குலுக்கவில்லை. ஆனால் தோற்றுப்போக வாய்ப்பிருந்த ஓர் ஊகம் தோற்காமல் நின்றது. அதே வரியில் 'ஸதியபுதோ' என்ற பட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோசனின் பெயர் இருந்திருந்தால்? சேஷையர் கட்சி அன்றோடு முடிந்திருக்கும்.

இதில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. தகடூர்க்காரன் தானத்துக்கு ஜம்பையில் என்ன வேலை? தர்மபுரியிலிருந்து திருக்கோவிலூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். இருமத்தூரிலும் அனுமன்தீர்த்தத்திலும் நாம் பார்க்கும் தென்பெண்ணைதான் சாத்தனூர் தாண்டித் திருக்கோவிலூருக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் ஆறு ஓடுகிற இடமெல்லாம் அதியமான் பாறை வெட்டவில்லையே.

இதற்கு விடை கல்லில் இல்லை, ஓலையில் இருந்தது. புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் ஒரு வெற்றியைச் சொல்கிறார். அதைப் பரணர் பாடியதையும் சொல்கிறார். அவன் அழித்த ஊர் கோவலூர். இன்றைய திருக்கோவிலூர். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894-இல். ஜம்பைக் கல் வெளியே வந்தது 87 ஆண்டு கழித்து. ஓலையைப் பெயர்த்து எழுதியவர்கள் கல்லைப் பார்த்ததில்லை, கல்லை வெட்டியவன் பாட்டுக்குக் கோனார் உரை எழுதவும் இல்லை. ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ள முடியாத இரண்டு சாட்சிகள் ஒரே ஊரைக் காட்டுகிறார்கள்.

கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹ்யூவெல், பிரின்செப் பிராமியைப் படித்த அதே 1837-இல், விளைவிலிருந்து பழைய காரணத்துக்கு ஏறிப்போகும் அறிவியல்களைத் தனி இனமாகப் பிரித்து, வாயில் நுழையாத ஒரு கிரேக்கப் பெயரும் வைத்தார். நிலவியலையும் மொழி ஒப்பீட்டையும் அவர் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். வெவ்வேறு வழியில் கிளம்பியவை ஓரிடத்தில் வந்து முட்டினால் அந்த இடத்தை நம்பலாம் என்று சொன்னவரும் அவர்தான். ஜம்பையில் ஒலியியல், எழுத்தியல், பாட்டு மூன்றும் முட்டின.

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல அத்தியாயம். ஆனால் இந்தக் கதையில் எனக்கு இரவில் உறக்கம் கெடுக்கும் பகுதி இனிமேல்தான்.

முதல் சந்தேகம் எளியது: இவ்வளவு பொருத்தமாகவா ஒரு சான்று கிடைக்கும்? பிற்காலக் கையோ என்ற கேள்வியும் எழாமல் இல்லை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளிவந்த தன் தமிழ் பிராமிக் கல்வெட்டுப் பெருந்தொகுப்பில் இதைச் சேர்த்துக்கொண்டார். அவரைப் போன்ற சந்தேகப் பிராணி சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். இரண்டாவது சந்தேகம்தான் பொல்லாதது. மகாதேவன் இந்தக் கல்வெட்டை வைப்பது கி.பி. முதல் நூற்றாண்டில். அசோகரோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில். இடையில் சுமார் முந்நூறு ஆண்டு! ஆகவே அஞ்சி அசோகர் குறிப்பிட்டவன் இல்லை; அவன் வழி வந்ததாகப் பட்டத்தைத் தாங்குகிறவன். 'வந்ததாக' என்று எழுதினேன், கவனித்தீர்களா?

போளூர் அருகே திருமலைக்கு வாருங்கள். அங்கே சோழர் காலத்தின் பின்பகுதியில், தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் குலத்தவன், தன் முன்னோன் எழினி செய்த இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. எழினி நம் அஞ்சியின் குடும்பப் பெயர்தான். ஆயிரம் ஆண்டு தாண்டியும் நினைவு அறுபடவில்லை. ஆனால் அந்த எழினியைக் கல்வெட்டு எந்த வம்சம் என்கிறது தெரியுமா? சேர வம்சம்! தகடூரைத் தகர்த்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை என்பது பதிற்றுப்பத்துக் காலத்திலிருந்து வரும் செய்தி. இடித்தவன் குலத்தையே இடிபட்டவன் பேரன் தன் குலமாகக் கல்லில் வெட்டியிருக்கிறான். உறவுக் கிளைகளாகவே இருந்து அடித்துக்கொண்டார்களா, பின்னாளில் பெருமைக்கு ஒட்டிக்கொண்டார்களா, இரண்டுக்கும் இடமுண்டு. கல்லில் இருப்பதாலேயே வம்சாவளி உண்மையாகிவிடாது என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் அஞ்சியும் முந்நூறு ஆண்டு பழைய ஒரு புகழ்ப் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டிருக்கலாமே?

இதற்கு விடை அந்த முந்நூறில் இருக்கிறது. இடைவெளி பெரிதென்றால் இரவல் பட்டம் சாத்தியம். இடைவெளி சுருங்கினால் அந்த வாதம் மெலியும். கல்வெட்டை இன்னும் முன்னே தள்ளுகிற ஆய்வாளர்களும் உண்டு. யார் சரி? எழுத்தின் வடிவத்தை வைத்துக் கல்லுக்கு வயது சொல்கிறோம். எழுத்தின் வயதை எதை வைத்துச் சொன்னோம்? பெரும்பாலும் வேறு கற்களை வைத்து. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்ட கதை. எழுத்தே தெரியாத, வெளியிலிருந்து வரும் மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும்.

2009. பழனி மலையடிவாரம், பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் ஒரு ஈமக்குழியைத் திறக்கிறார். உள்ளே நான்கு கால் ஜாடி. பக்கத்தில் ஒரு பிரிமணை. அதன்மேல் கீறிய பிராமி எழுத்துகள். ஜாடிக்குள் கை விட்டால், இரண்டு கிலோ நெல். அதிலிருந்து கொஞ்சம் மணிகள் பொட்டலமாகி, காலம் கணிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் கப்பலேறாமல் விமானம் ஏறுகின்றன.

சில மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து பதில் வருகிறது. தாளில் ஒரே ஒரு எண். அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் துள்ளிக் குதித்தார்கள். மீதிப் பேர், நெல்லின் வயது எழுத்தின் வயது ஆகுமா என்று எழுந்து நின்றார்கள்…

(அடுத்த வாரம்: நெல் சொன்ன சாட்சி)